உறைகளின் மேல் எழுதியிருந்த பெயர்கள்

என் மூன்றாவது புத்தகத்தை அச்சடிக்க மகளின் காப்பை ஈடு வைத்தேன். ஒற்றைக் காப்பு. சோடியில் மற்றது அவள் கையோடு போய்விட்டது.

அந்தக் காப்பு மிஞ்சிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுனாமியாகக் கடல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, தோணிக்கு என்ஜின் எடுக்கப் பணம் போதாமல் மருமகன் நின்றார். காப்பு இரண்டையும் கேட்டார். மகள் ஒன்றைத்தான் கழற்றினாள். "கை வெறுமையா இரிக்கக் கூடா. ஒண்டு போதும்" என்றாள். ஒன்று வங்கிக்குப் போனது. ஒன்று கையில் இருந்தது. கடல் வந்த காலையில் மருமகன் ஆழத்தில் தொழிலுக்கு நின்றார். தோணி ஒரு தரம் உயர்ந்து இறங்கியது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். நான் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்கு இடியப்பம் அவிக்கப் போயிருந்தேன். கரையில் இருந்தவள் அவள்தான். அடக்க ஒரு மையித்தும், அவள் உடலும், கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து மருமகன் இன்னொரு கலியாணம் செய்தார். அதற்கு முதல் நாள் வங்கியிலிருந்து காப்பை மீட்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஒங்கட ஹக்கு, மாமி."

ஹக்கு என்றால் ஒருவருக்குச் சேரவேண்டிய உரித்து. அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட பொருளைக் கொண்டுபோய்ப் புத்தகத்துக்கு வைத்தாயா என்று கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. ஓம், புத்தகத்துக்குத்தான் வைத்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று வகுப்புப் படித்து மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். வகுப்புக்கு ஒன்று. குர்ஆன் ஓதுவேன், அது தமிழ் எழுத்துக்கு முன்பே படித்தது.

எழுத வந்ததும் கடலால்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது கிராம அலுவலரான விதானையார் வந்து, எங்கள் ஒழுங்கைச் சந்தில் மௌத்தானவர்களின், இறந்தவர்களின், பெயரைப் பட்டியலாக எழுதித் தரச் சொன்னார். எழுதத் தெரிந்தவர்கள் சிலர் பட்டியலில் இருந்தார்கள். மீதிப்பேருக்கு எழுதும் நிலை இல்லை. அப்பியாசக் கொப்பியை நான் வாங்கினேன். பெயரை எழுதினேன். வெறும் பெயர் போதுமென்று தோன்றவில்லை. பக்கத்தில், இவர் கோழிக் கூட்டைத் திறக்க மறந்தால் திரும்பி வந்து திறந்துவிட்டுப் போவார் என்று எழுதினேன். இவ கடனுக்கு வாங்கிய மிளகாயைத் திருப்பித் தரும்போது ஒரு பிடி கூடத்தான் தருவா என்று எழுதினேன். விதானையார் பார்த்தார்.

"உம்மா, எனக்குப் பேரும் அடையாள அட்டை நம்பரும் போதும். கோழிக்கூடு தேவையில்ல."

வேறு ஒற்றைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கொப்பி என்னோடு இருந்துவிட்டது.

முதல் இரண்டு புத்தகங்களும் கதைகள். வானொலியில் சிலது வாசித்தார்கள். ஒரு தரம் காசோலை வந்தது. அதில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்ததால் வங்கியில் மாற்ற முடியவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லி நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் முத்திரைச் செலவு போனதுதான் மிச்சம். அந்தக் காசோலை இன்னும் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும்.

புத்தகம் எழுதி எப்படிச் சீவிக்கிறீர்கள் என்று வெளியூர்ப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நான் இடியப்பம் அவித்துச் சீவிக்கிறேன். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மாவைப் பிசைந்தால் எட்டு மணிக்குள் எல்லாத் தட்டும் போய்விடும். முதல் புத்தகம் வந்தபோது, இடியப்பத்தோடு சேர்த்து அதையும் வீடுவீடாகக் கொண்டுபோனேன். ஒரு வீட்டுக்காரி பிரட்டிப் பிரட்டிப் பார்த்துவிட்டு, "ராத்தா, இது சும்மா இல்லியா? சம்பலைப்போல இதையும் சும்மாதான் தாறீங்க எண்டு நினைச்சன்" என்றா. அவவுக்குச் சும்மாவே கொடுத்தேன். எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் அன்பளிப்பு. வாசிகசாலைக்கு அன்பளிப்பு. கல்முனைக் கடைக்காரர் பத்துப் பிரதி வாங்கிக் கொப்பிக் கட்டுக்குப் பின்னால் வைத்தார். ஒரு வருடம் கழித்துப் போனபோது பத்தும் அங்கேயே இருந்தன, ஒன்றின் மேல் பல்லி முட்டை இட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் புத்தகம் விற்பது கடையில் அல்ல, மேடையில். வெளியீட்டு விழா என்று ஒன்று வைக்க வேண்டும். முதற்பிரதியை ஊரில் வசதியான ஒருவர் வாங்குவார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறி வந்து, ஒரு கையால் கடித உறையைத் தந்து மறு கையால் புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நிற்பார்கள். உறைக்குள் புத்தகத்தின் விலையும் இருக்கும், மனமிருந்தால் மேலேயும் இருக்கும். அந்த ஒரு நாள்தான் எழுத்தாளருக்கு அறுவடை. அதில் அச்சகக் காசு வந்தால் வந்தது. முதல் இரண்டு தரமும் எனக்கு அது பாதியளவுதான் வந்தது.

மூன்றாவது புத்தகம் அந்தக் கொப்பி. மௌத்தான ஒழுங்கை ஆட்களுக்கு ஆளுக்கொரு பக்கம்.

மதியத் தொழுகை லுஹருக்கும் பின்னேரத் தொழுகை அஸருக்கும் நடுவில்தான் எழுதுவேன். அந்த நேரத்தில், கடலுக்குப் பிறகு எங்களுக்குக் கட்டித் தந்த திட்ட வீடுகளில் சத்தமே இருக்காது. கடல் இங்கிருந்து தூரம், ஆனாலும் வெயில் நேரத்தில் அதன் சத்தம் கூரைத் தகட்டில் வந்து நிற்கும். நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த ஆள் கதவு நிலையில் வந்து நிற்பதாகத் தெரியும். பயமாக இருக்காது. அவர்கள் உயிரோடு இருந்தபோது எப்படி வந்தார்களோ அப்படித்தான் வந்தார்கள், குறை சொல்ல. ஒரு நாள் ஒருவர் மீன் வெட்டுகிற விதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பேனை ஓடவில்லை. பிறகுதான் நினைவு வந்தது, அவருக்கு இடது கை வாக்கு. வலது கை என்றதை வெட்டிவிட்டு இடது கை என்று எழுதினேன். பேனை ஓடியது. நிலையில் நின்ற நிழலும் போய்விட்டது. ஈரச் சுண்ணாம்பு மணம் மட்டும் பின்னேரம் வரைக்கும் வீட்டுக்குள் நின்றது.

எல்லாரும் வந்தார்கள். மகள் வரவில்லை.

காரைதீவில் இருந்து ஒரு டீச்சர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து என் எழுத்தைத் திருத்தித் தருவா. இளைப்பாறியவ. பிழை பிடிப்பதில் இன்னும் இளைப்பாறவில்லை. கடைசிக் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தா.

"ராத்தா, எல்லாரும் இருக்காங்க. பிள்ளையைக் காணல்லியே?"

"அவ ஒழுங்கையில இல்ல டீச்சர். அவ என்ட வீட்டில இருந்தவ."

நான் சொன்னது சரியான மறுமொழி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மகளின் பெயரை எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அப்படியே இருந்த நாட்கள் எத்தனையோ. அவள் எந்தக் கையால் மீன் வெட்டுவாள் என்று எனக்குத் தெரியும். எழுத வரவில்லை.

அச்சகத்தில் முழுக் காசையும் முன்பே கேட்டார்கள். கடதாசி விலை ஏறிவிட்டது, கடனுக்கு அடித்துக் கட்டுப்படியாகாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நானும் அரிசி மா விலை ஏறினால் கடனுக்குக் கொடுப்பதில்லை. காப்பை வங்கிக்குக் கொண்டுபோனேன். வட்டிக்கு வைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்துதான் போனேன். அச்சடித்து முடிய வருடம் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. இரண்டு தரம் வட்டி கட்டித் தவணை எழுதினேன். மூன்றாம் தரம் அங்கே இருந்த பிள்ளை, "இனித் தவணை தர ஏலா உம்மா. இந்தத் திகதிக்குள்ள முழுசா மீட்டுருங்க, இல்லாட்டி ஏலத்துக்குப் போயிரும்" என்று சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் தந்தா.

விழாவுக்கு நாள் குறித்தது நான். கடல் வந்த நாளையே குறித்தேன். அன்றைக்குச் சிதறிப்போன ஒழுங்கை ஆட்கள் எல்லாரும் எப்படியும் அடக்கம் செய்த மையவாடிக்கு வருவார்கள், அப்படியே மண்டபத்துக்கும் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். அழைப்பிதழில் 'மௌத்தானவர்களின் பேரால்' என்று எழுதியதும் நான்தான். டீச்சர் வேறு மாதிரி எழுதலாம் என்றா. நான் கேட்கவில்லை. பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பை ஒருவர் பாத்திஹா ஓதித் தொடங்கினார். வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தேன். இப்போது நினைத்தால், புத்தக விழாவுக்கும் கத்த வீட்டுக்கும் அங்கே ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. மௌத்தானவருக்கு ஓதி, சோறு கொடுத்து, ஓதியவருக்கு உறையில் ஹதியாக் காசு கொடுப்பதுதானே கத்தம்.

முதற்பிரதியைப் புடவைக்கடை முதலாளி ஒருவர் வாங்கினார். அவருடைய உறைக்குள் ஒரு துண்டுதான் இருந்தது, 'கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று. பிறகு போனேன். பாதி காசாகவும் பாதி சாரியாகவும் தந்தார். அது மண்டபத்துக்கும் சோற்றுக்கும் சரி.

அவருக்குப் பின்னால் ஒழுங்கை ஆட்கள் ஏறி வந்தார்கள். படத்துக்கு நிற்கவில்லை. புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார்கள். ஒரு பெண் என் காதுக்குள், "வாப்பாட பேர மட்டும் கொஞ்சம் நிறுத்தி ஓதுங்க ராத்தா" என்றாள். அந்தப் பக்கத்தை மேடையில் வாசிக்கச் சொல்கிறாளாக்கும் என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலை இடியப்பம் முடிந்த பிறகு, டீச்சரும் நானும் பாயில் இருந்து உறைகளைக் கொட்டினோம். எப்போதும் உறையின் மேல் தருகிறவரின் பெயர் இருக்கும், பிறகு நன்றி சொல்ல வசதியாக. டீச்சர் ஒன்றை எடுத்துப் பெயரை வாசித்தா. அது மிளகாய் கூடத் தந்தவவின் பெயர். அடுத்தது இடது கை வாக்குக்காரரின் பெயர். அடுத்தது, அதற்கடுத்தது. எடுத்த உறை ஒவ்வொன்றின் மேலும் என் புத்தகத்துப் பெயர்கள். சிலதில் கீழே, மௌத்தானவருக்கு ஓதுகிற குர்ஆன் அத்தியாயத்தைக் கேட்டு, 'ஒரு யாசீன்' என்று எழுதியிருந்தது. ஒன்றில், 'உம்மாவுக்கும் தம்பிக்கும், இயலுமென்றால் இரண்டு.'

இந்த உறைகளில் உயிரோடு இருப்பவர்கள் ஒருவர்கூட எனக்குக் காசு தரவில்லை. தந்ததெல்லாம் மௌத்தானவர்கள்.

டீச்சருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் விளங்கப்படுத்தினேன். இவர்கள் புத்தகம் வாங்க வரவில்லை. ஆண்டுக் கத்தத்துக்கு வந்தார்கள். புத்தகத்தை ஓதுவதற்கான கிதாபு என்றும் என்னை ஓதுகிற ஆள் என்றும் எடுத்துக்கொண்டார்கள். இது ஹதியா.

"அவங்க எப்பிடி நினைச்சாலும் கையில புத்தகம் போயிருக்கு" என்றா டீச்சர். "விலைக்குக் காசு வந்திருக்கு. முதல்ல எண்ணுங்க. காப்பை எடுங்க. மறுகா ஆறுதலா ஓதுங்க. ஆரு ராத்தா உங்களுக்கு அவசரம் சொல்றது?"

"ஓதாம எடுத்தா அது கடன் டீச்சர். உசிரோட இருக்கிறவங்கட கடன்காரியா இருக்கலாம். இவங்களுக்கு ஏலா. இவங்க வீட்டு வாசலுக்கு வருவாங்க."

"வந்தா நான் கதைக்கிறன்."

"ஒங்கட பாஷைத் திருத்தத்துக்குப் பயந்தே அவங்க ஓடிருவாங்க" என்றேன். சிரித்தோம். ஆனால் உறைகளைத் திறக்கவில்லை.

அன்று லுஹர் தொழுதுவிட்டு முதல் உறையை மடியில் வைத்து யாசீன் ஓதினேன். ஓதி முடித்துத் துஆக் கேட்டுவிட்டுத்தான் திறந்தேன். காசை ஒரு டப்பாவில் போட்டேன். ஒரு யாசீனுக்கு எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகும், கண்ணாடி போட்டாலும் எழுத்து அசையும். நான் அவசரமாக ஓதுகிற ஆள் இல்லை. மற்ற வேலைகளோடு ஒரு நாளைக்கு இரண்டு, உடம்பு நன்றாக இருந்தால் மூன்று. உறைகள் எண்பதுக்கு மேல். சிவப்பு வட்டம் போட்ட திகதிக்கு மூன்று கிழமைகூட இல்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குக்கே விடை தெரியும்.

டீச்சர் ஒவ்வொரு முறை வரும்போதும் டப்பாவைப் பார்ப்பா, நாட்காட்டியைப் பார்ப்பா. கடைசியில் தன் சங்கிலியைக் கழற்றினா. "இதை வைச்சு அதை எடுங்க" என்றா. வாங்கவில்லை. எனக்குப் பெருமை கூட என்று ஊரில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்று தடுத்தது பெருமை இல்லை. ஓத ஓத, நிலையில் வந்து நிற்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள். வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு என் பிள்ளையின் பொருளை முதலில் எடுத்துவர எனக்குக் கால் வரவில்லை.

திகதி போனது. முப்பத்தைந்து உறைகளுக்குக் கிட்ட ஓதாமல் இருந்தன. அன்று முழுக்க வங்கிப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகும் ஓதினேன்.

பாயில் கடைசிக்கு மிஞ்சிய ஐந்தாறில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மகளின் பெயர் இருந்தது. எழுத்து மருமகனுடையது. கடலில் கயிறு பிடித்த கை எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துக் கட்டி வைத்திருந்தார். விழாவுக்கு வந்தது எனக்குத் தெரியாது. உறையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றிருப்பார். யாசீன் ஓதினேன். உறையைத் திறக்கக் கை போகவில்லை. புத்தகத்தில் அவளுக்குப் பக்கம் இல்லை. இல்லாத பக்கத்துக்கு அவர் காசு தந்திருக்கிறார்.

கிழமை இரண்டு போக அவரே வந்தார். தலை நரைத்துவிட்டது. கையில் கடதாசிப் பையில் புத்தகம். கதிரையில் இருக்கவில்லை, நிலைப்படியில் குந்தினார்.

"மாமி, அவட பக்கம் எது? நான் ரெண்டு தரம் பார்த்துட்டன். என்ட கண்ணுக்குத்தான் தெரியல்லையோ?"

"இல்ல மகன். நான் எழுதல்ல."

புத்தகத்தின் அட்டையைத் தடவினார்.

"காப்பு?"

"போயிற்று."

"கடல் விட்டதை பேங்குக்குக் குடுத்திட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறுமொழி சொல்லியிருப்பேன். எழும்பிப் போய் உறையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "ஓதிட்டன். ஆனா காசு என்ட ஹக்கு இல்ல. அவ புத்தகத்தில இல்ல. கொண்டுபோங்க" என்றேன்.

அவர் உறையை எடுத்தார். பெயரைப் பார்த்தார். திருப்பி என் பக்கமே தள்ளிவிட்டார்.

"ஊராக்களையெல்லாம் எழுதினீங்க. மிளகாய்க் கதையெல்லாம் எழுதினீங்க. மாமி, எனக்கு அவட முகம் மறந்துகொண்டு போகுது. வீட்டில அவட படம் வைக்கேலா, இப்ப கட்டினவ பாவம். எழுதி முடிச்சிட்டு எடுங்க. அதுமட்டும் அது இஞ்சயே கிடக்கட்டும்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

டப்பாவில் நிறையக் காசு சேர்ந்தது. என் வயதில் எழுத்தால் இவ்வளவு காசு நான் பார்த்ததில்லை. அதுகூட எழுத்துக்கு வந்ததா, ஓதியதற்கு வந்ததா என்று எனக்கு இன்றுவரை முடிவு இல்லை. காப்பு ஏலத்தில் போன பிறகு அந்தக் காசுக்கு வேலையும் இல்லை. அரிசி எடுத்தேன், கண்ணாடி மாற்றினேன், மீதி இருக்கிறது.

அந்த ஒரு உறை மட்டும் திறக்காமல் இருக்கிறது. எழுதுவதற்கு முன்பே கூலி வந்த எழுத்து என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். லுஹருக்குப் பிறகு கொப்பியை விரித்து அவள் பெயரை எழுதுகிறேன். கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எல்லாரும் வந்து குறை சொல்லிவிட்டுப் போன இடம் அது. அவளும் வந்து, பிழையாக எழுதுறீங்க உம்மா என்று ஒரு தரம் சொன்னால் போதும், நான் எழுதிவிடுவேன். அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்துவிட்டு, கொப்பியை மூடுகிறேன்.